மாமாவுக்கு இடது பக்கம் இல்லாமல் போனபோது

மூளை என்றவுடன் எல்லாருக்கும் ஒரே படம்தான் ஞாபகத்துக்கு வரும். பக்கவாட்டில் வெட்டிய தலை, உள்ளே நாலைந்து வர்ணம், ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு அம்புக்குறி. முன்னால் நுதற்சோணை, அதற்கு நேரே சிந்தனை என்று எழுதியிருக்கும். மேலே சுவர்ச்சோணை, தொடுகை. காதுப் பக்கம் கடைநுதற்சோணை, கேள்வி. பின்னால் பிடர்ச்சோணை, பார்வை. அதற்குக் கீழே மூளி, அதாவது சிறுமூளை, சமநிலை. எல்லாவற்றுக்கும் அடியில் நீள்வளைய மையவிழையம், மூச்சும் இதயத்துடிப்பும். நான் திருகோணமலை உப்புவெளியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்தப் படத்தை எத்தனை தரம் பலகையில் கீறியிருப்பேன் என்று கணக்கில்லை. பரீட்சைக்கு அது போதும்.

ஆனால் அந்தப் படத்தில் எனக்கொரு மனக்குறை. அதைப் பார்க்கிற பிள்ளை, யாரோ ஒரு விஞ்ஞானி மண்டையைத் திறந்து, உள்ளே இது பேச்சு இது பார்வை என்று தனித்தனி அறைகளைக் கண்டு எழுதிவைத்தார் என்றுதான் நினைத்துக்கொள்ளும். உள்ளே அப்படி எதுவும் தெரியாது. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரியான சாம்பல் நிற மடிப்புகள்தான், 1.3 அல்லது 1.4 கிலோ நிறை. அந்தப் படத்தில் இருக்கிற வர்ணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அடிபட்ட ஆட்கள் இருக்கிறார்கள். இரத்தக்குழாய் அடைத்தவர்கள், குண்டு பட்டவர்கள், சத்திரசிகிச்சை பிழையாகப் போனவர்கள். ஒரு இடம் பழுதானபோது அவர்களிடம் எது காணாமல் போனது என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் படமே வரைந்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வர்ணத்தை மட்டும் பாடமாக்க விடுவதால்தான், வீட்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வரும்போது, பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. "மனுசன் பிடிவாதம் பிடிக்குது" என்கிறோம். "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறோம்.

பேச்சில் இருந்து தொடங்குகிறேன், வரலாறும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் லெபோர்ன் என்ற நோயாளியைக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்த மனிதரால் சொல்ல முடிந்தது 'டான்' என்ற ஒரே அசை. மற்றவர்கள் பேசுவது அவருக்கு விளங்கும், கையைக் காட்டிப் பதில் சொல்வார், வாயைத் திறந்தால் டான் டான். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் என்று ஆகிவிட்டது. கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு தூஷண வசனம் முழுசாக வெளியே வரும்! சில நாட்களில் அவர் இறந்துபோனார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நுதற்சோணையின் கீழ்ப்பகுதியில் பெரிய பழுது. இன்றைக்கு அந்த இடத்துக்கு 'புரோக்காவின் பகுதி' என்று பெயர்.

அந்தத் தூஷண வசனம் இருக்கிறதே, அதை நான் வெறும் வேடிக்கைக் கதை என்று நினைக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய ஐயா ஒருவர் இருக்கிறார். இடது மூளையில் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. தேத்தண்ணி வேண்டும் என்று சொல்ல அரை மணித்தியாலம் போராடுவார், "தே… தே…" என்று நெற்றி வியர்க்கும், கடைசியில் கையால் கோப்பை தூக்கிக் காட்டுவார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமி அறையில் அவருடைய மனைவி கோணேசர் பதிகத்தைத் தொடங்கினால் போதும், ஐயாவும் சேர்ந்து பாடுவார். சம்பந்தர் பாடிய அந்தத் தேவாரத்தில் நாக்குச் சுளுக்கும் சொற்கள் எத்தனை என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒரு எழுத்துப் பிசகாது. பாட்டு முடிந்தவுடன் "என்ன குடிக்கிறியள்?" என்று கேட்டால் திரும்பவும் "தே… தே…"

அயலில் இதற்கு என்ன பேச்சு அடிபட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. "பாட வாய் வருதாம், பேச வாய் வரேல்லையாம், நல்ல நடிப்பு." நடிப்பே இல்லை. பேசுவது என்பது ஒவ்வொரு தரமும் ஒரு வசனத்தைப் புதிதாகக் கட்டுவது. சொல்லைத் தேடவேண்டும், அடுக்கவேண்டும், நாக்குக்கும் உதட்டுக்கும் வரிசையாகக் கட்டளை கொடுக்கவேண்டும். சின்ன வயதில் இருந்து வாயில் ஊறிப்போன பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, வணக்கம் சொல்வது, ஏசுவது, இவை கட்டாமலே வருகிறவை. மூளையில் இவற்றுக்கு வேறு வழிகள் உண்டு, தாளமும் மெட்டும் அந்த வழியைத் திறந்துவிடுகின்றன, வலது பக்கமும் கைகொடுக்கிறது. 1970களில் அமெரிக்காவின் பொஸ்டனில் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள், வேண்டிய வசனத்தை மெல்ல இராகம் போட்டு, இடது கையால் தட்டித் தட்டிச் சொல்லப் பழக்குவது. எல்லாருக்கும் பலன் தரும் என்றில்லை. தேவாரம் பாடுகிறார் என்பதற்காக நாளைக்கே பேசத் தொடங்கிவிடுவார் என்று குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுப்பதும் சரியில்லை.

சரி, அப்படியென்றால் பேச்சு புரோக்காவின் பகுதியில்தான் இருக்கிறதா? இங்கேதான் படம் ஏமாற்றுகிறது. புரோக்கா அந்த மூளையை வெட்டிச் சிதைக்காமல் முழுசாகப் பாதுகாத்து வைத்தார், நல்ல காலம். 2007இல் அதே மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்துப் பார்த்தபோது பழுது மேற்பரப்பில் மட்டும் இல்லை, உள்ளே ஆழமாக, பகுதிகளை இணைக்கிற நரம்பிழைக் கட்டுகள் வரை போயிருந்தது தெரிந்தது. கிண்ணியாப் பாலத்தில் போக்குவரத்து நின்றால் அந்தப் பக்கத்துத் தயிர்ச் சட்டி திருகோணமலைச் சந்தைக்கு நேரத்துக்கு வந்து சேராது. அதற்காகப் பாலத்தில்தான் தயிர் உறைகிறது என்று யாரும் சொல்லமாட்டோம். மூளை விஷயத்தில் மட்டும் நூற்றைம்பது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

புரோக்காவுக்குப் பிறகு 1874இல் ஜெர்மனிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே வேறொரு மாதிரிப் பேச்சிழப்பை விவரித்தார். இடது கடைநுதற்சோணையின் பின்மேல் பகுதி பழுதானால் பேச்சு தடைப்படாது, ஆறு மாதிரி ஓடும், ஆனால் பொருள் இருக்காது, இல்லாத சொற்களும் கலந்து வரும். மற்றவர் பேசுவதும் விளங்காது. தான் சொல்வது பிழை என்பதும் சில பேருக்குத் தெரியாது. இப்படி ஒருவர் திடீரென்று பேசத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் முதலில் நூல் கட்டத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய இடம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி மாமா.

அம்மாவின் தம்பி. அவருக்குப் பாரிசவாதம் வந்தது வலது மூளையில். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை, பழையபடி அரசியல், பழையபடி பகிடி. அதனால் வீட்டில் எல்லாரும் மூளை தப்பிவிட்டது, இடது கை மட்டும்தான் போனது என்று ஆறுதல்பட்டோம். இரண்டாவது கிழமை சாப்பாட்டில் சண்டை தொடங்கியது. மாமி பிட்டும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்துக் கொடுத்தார். மாமா கோப்பையில் வலது பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "என்ன, இண்டைக்குப் பொரியல் இல்லையா?" என்று கேட்டார். பொரியல் கோப்பையின் இடது பக்கத்தில் அப்படியே இருக்கிறது. மாமிக்குக் கோபம், கண்ணுக்கு முன்னால் வைத்ததை இல்லை என்கிறாரே என்று. நான் கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்தேன். "ஆ, இருக்குது" என்று எடுத்துச் சாப்பிட்டார். எங்கே இருந்து வந்தது என்று கேட்கவும் இல்லை.

முகச்சவரமும் அப்படித்தான். வலது கன்னம் மொழுமொழு, இடது கன்னத்தில் தாடி. கண்ணாடியில் பார்த்துத்தான் வழித்தார், திருப்தியாகத் துவாயையும் எடுத்துத் துடைத்தார். ஒருநாள் மடியில் கிடந்த தன் இடது கையைக் காட்டி "இது ஆற்ற கை?" என்று மாமியிடம் கேட்டார். "உங்கட கைதான்." "சும்மா விசர்க் கதை கதையாத." இதைக் கேட்டு மாமி அழுதுவிட்டார்.

கண்ணில் கோளாறு இல்லை, கண் வைத்தியரும் பார்த்தார். இதற்கு மருத்துவத்தில் பக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள். வலது சுவர்ச்சோணையும் அதைச் சுற்றிய பகுதியும் பழுதாகும்போது அதிகமாக வருவது. வெறுமனே ஒரு பக்கப் பார்வை போனவர் தலையைத் திருப்பிப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார், ஏனென்றால் ஒரு பக்கம் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். மாமாவுக்கு இடது என்ற பக்கமே உலகத்தில் இல்லை. இல்லாத பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

1978இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படியான நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மிலானில் பேராலயத்துக்கு முன்னால் பெரிய சதுக்கம் ஒன்று உண்டு, அந்த ஊரார் எல்லாருக்கும் மனப்பாடம். 'சதுக்கத்தின் அந்தக் கோடியில் நின்று பேராலயத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு என்னென்ன கட்டடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்' என்றார்கள். நோயாளிகள் வலது பக்கத்துக் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். அப்புறம், 'இப்போது பேராலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதாக நினையுங்கள்' என்றார்கள். முதலில் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் இப்போது வந்தன, முதலில் சொன்னவை மறைந்துபோயின.

இதை வாசித்த அன்று பின்னேரமே நான் மாமா வீட்டுக்குப் போனேன். எங்களுக்குத்தான் மிலான் சதுக்கத்தைவிட நல்ல இடம் இருக்கிறதே! "மாமா, நீங்க பிரட்ரிக் கோட்டை வாசல்ல நிக்கிறியள், கோணேசர் கோயிலுக்குப் போகப் பாத்துக்கொண்டு. ரெண்டு பக்கமும் என்ன இருக்கு, சொல்லுங்க." மாமா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். டச் பே கடற்கரை, பின்னேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து இருக்கிற சனம், கடலை வண்டி, ஐஸ்கிறீம் வண்டி, தூரத்தில் துறைமுக வாய்க்கு வருகிற கப்பல். எல்லாம் வலது பக்கம். இடது பக்கத்தில் திருக்கடலூர் இருக்கிறது, கரையில் இழுத்துப் போட்ட படகுகள், காய்கிற வலை, மாமா பிறந்து வளர்ந்த ஊரே அதுதான். ஒரு சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, "இப்ப கோயில் கும்பிட்டிட்டு வெளியால வாறியள், அதே வாசல், டவுணைப் பாத்து நிக்கிறியள்" என்றேன். உடனே திருக்கடலூர் வந்தது! யார் யாருடைய படகு எங்கே கிடக்கும் என்பது வரை சொன்னார். டச் பே கடலோடு, கடலை வண்டியோடு காணாமல் போயிருந்தது. மான்கள் மட்டும் இரண்டு தரமும் வந்தன, கோட்டைக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மான்தானே.

ஆக, ஊர் முழுவதும் மாமாவின் ஞாபகத்தில் பத்திரமாக இருக்கிறது. நினைவில் நிற்கிற இடத்துக்கு இடது பக்கமாக எது வருகிறதோ அதை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை. இதைப் பற்றிப் பிறகு நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். சுவர்ச்சோணைக்கு நேரே 'தொடுகை' என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டால் இதில் எத்தனை வீதம் அதற்குள் அடங்கும்? கவனம் என்பது வெளிச்சத்திலோ கண்ணிலோ இல்லை, கண்ணை மூடிய பிறகும் வேலை செய்கிற ஒன்று. பலருக்குப் போலவே மாமாவுக்கும் மாதங்கள் போகப் போக இது குறைந்தது. பிசியோ சொன்னபடி மாமி இடது பக்கமாக வந்து நின்று கதைப்பதும், கோப்பையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி "சிவப்பைக் காணுமட்டும் தேடுங்கோ" என்பதும் வழக்கமாகிவிட்டது.

உடம்பின் வரைபடம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நெற்றிக்கும் உச்சிக்கும் இடையில், காதுக்குக் காது ஒரு ஹெயார் பாண்ட் போட்டால் வருகிற இடத்தில் இரண்டு கீற்றுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. முன்கீற்று அசைவுக்கு, பின்கீற்று தொடுகைக்கு. கனடாவின் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1930களில் வலிப்பு நோயாளிகளை விழிப்பாக வைத்துக்கொண்டே, மண்டையைத் திறந்து மெல்லிய மின்சாரம் கொடுத்துக் கொடுத்து இதை வரைந்தார் (மூளைக்கு வலி தெரியாது, தோலை மட்டும் விறைக்கப் பண்ணினால் போதும்). முதுகுக்குக் கொஞ்ச இடம், உதட்டுக்கும் பெருவிரலுக்கும் ஏராளமான இடம், முகமும் கையும் அடுத்தடுத்து.

இதைப் போர் நடந்த மாவட்டத்தில் இருக்கிறவர்கள் வேறு விதமாக அறிவோம். மூதூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர், ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிறார், கடையும் நடத்துகிறார். இரவில் இல்லாத காலின் விரலிடுக்கில் கடிக்கிறது என்பார். எதைச் சொறிவது? அமெரிக்க உள்நாட்டுப் போரில் கையும் காலும் இழந்தவர்களைப் பார்த்துவிட்டு 1871இல் வீர் மிட்செல் என்ற வைத்தியர் இதற்கு 'ஆவி உறுப்பு' என்று பெயர் வைத்தார். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்து அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதைக் கையில் எடுத்தார். கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டால் இல்லாத கைவிரலில் தொடுகிற மாதிரி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். கையின் இடத்தைப் பக்கத்து முகப்பகுதி பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தைப் பார்த்து இல்லாத கையை 'அசைக்க' வைத்து வலியைக் குறைக்கிற அவருடைய வழி உலகம் முழுக்கப் பரவியது. செலவில்லாத வைத்தியம், சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. ஆனால் அவருடைய விளக்கத்தைப் பின்னால் வந்த ஸ்கேன் ஆய்வுகள் ஆட்டிவிட்டன. உறுப்பு போய்ப் பல வருடத்துக்குப் பிறகும் மூளையில் அதன் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்கின்றன அவை. அப்படியானால் மூதூர்க்காரர் சொல்வது இன்னும் நேரடியான உண்மை: அவருடைய மூளையில் அந்தக் கால் இன்னும் வெட்டுப்படவில்லை.

போர் என்றதும் இன்னொன்று. பிடர்ச்சோணையில் பார்வை எப்படிப் பரவியிருக்கிறது என்று முதலில் விபரமாக வரைந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய கண் வைத்தியர் இனோயே. 1904–05 ரஷ்ய ஜப்பானியப் போரில் பின்தலையில் குண்டு துளைத்துத் தப்பிய சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் தீர்மானிக்க, எவ்வளவு பார்வை போனது என்று அளக்கிற உத்தியோகம் அவருக்கு. அளந்த கையோடு வரைபடமும் வந்துவிட்டது. மூளியைப் பற்றி இங்கிலாந்தின் கோர்டன் ஹோம்ஸ் அறிந்ததும் முதலாம் உலகப்போர்க் காயங்களில்தான். மூளியைச் சமநிலை என்று ஒரு சொல்லில் முடிக்கிறோம். மூளையில் மொத்தம் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள், அதில் 6,900 கோடியளவில் மூளியில்தான் இருக்கின்றன! வீச்சுவலைக்காரர் வலையைத் தோளில் போட்டு, இடுப்பைத் திருப்பி, வலை வட்டமாக விரிகிற அந்த ஒரு கணத்தில் கையை விடுகிறாரே, அந்தக் கணக்கு அங்கே நடக்கிறது. அதே ஆள் இரண்டு போத்தல் கள்ளுக்குப் பிறகு ஒழுங்கையை அளந்துகொண்டு போவதும் பெரும்பாலும் மூளி மயங்கித்தான்.

ஞாபகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஹென்றி மொலெய்சனைப் பற்றி எழுதுவார்கள், நானும் சுருக்கமாக. 1953இல் வலிப்புக்காக கடைநுதற்சோணைக்கு உள்ளே இருக்கிற ஹிப்போகம்பஸ் என்ற பகுதியை இரண்டு பக்கத்திலும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். 2008இல் இறக்கும் வரை அவரிடம் புதிதாக எந்தச் சம்பவமும் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் கீறும் வித்தையை பிரெண்டா மில்னர் பழக்கியபோது நாளுக்கு நாள் கை தேறியது, முன்னால் கீறியதாக அவருக்கு ஞாபகமே இல்லாமல். எனக்கு இதைவிடப் பிடித்தது லண்டன் டாக்சிக்காரர்களின் கதை. லண்டனின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் அங்கே டாக்சி லைசென்ஸ். 2000ஆம் ஆண்டு எலினோர் மக்குவயர் அவர்களுடைய ஹிப்போகம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிது என்று காட்டினார். 2006இல் பஸ் சாரதிகளோடு ஒப்பிட்டார், நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரே பாதையில் போகிறவர்களிடம் அது இல்லை. ஆகவே திருகோணமலை கண்டி பஸ் சாரதி கோபிக்கக்கூடாது, இந்த விஷயத்தில் ஆட்டோக்காரத் தம்பிமார் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். கூகுள் மெப் பார்க்காமல் ஓடினால்.

கடைநுதற்சோணைக்கு உள்ளே இருக்கிற அமிக்டலா என்ற சின்னப் பகுதியைப் 'பயத்தின் இடம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கடல் கொஞ்சம் கூட இரைந்தாலே நெஞ்சு அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படபடப்பில் அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, ஆபத்தையும் அதோடு வந்த சத்தத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பது அதுதான். ஆனால் பயம் முழுவதும் அதற்குள் இல்லை. ஒரு அபூர்வ நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துபோன எஸ்.எம். என்று குறிப்பிடப்படும் அமெரிக்கப் பெண்ணுக்குப் பாம்பைக் கண்டாலும் பயமில்லை, கத்தியைக் கண்டாலும் பயமில்லை. 2013இல் வெளியான ஆய்வில் அவரையும் அதே நிலையில் இருந்த வேறு இருவரையும் காபனீரொட்சைட்டு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூன்று பேரும் பீதியில் துடித்துப்போனார்கள். வெளியே இருந்து வருகிற பயத்துக்கு ஒரு வழி, மூச்சு முட்டுகிறபோது உள்ளே இருந்து வருவதற்கு வேறு வழி. தண்ணீருக்குள் போய் மீண்டவர்களிடம் கேட்டால் இந்த வித்தியாசத்தை ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

நுதற்சோணைக்கு வந்தால் பினியாஸ் கேஜ். 1848இல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலைத்தலத்தில் ஒரு மீற்றருக்கும் மேல் நீளமான, ஆறு கிலோ இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சியால் வெளியே போனது. பிழைத்துவிட்டார், ஆனால் பொறுப்பான மனுசன் வாய்க்கொழுப்பும் பொறுமையின்மையும் பிடித்த ஆளாக மாறினார் என்று அவருடைய வைத்தியர் எழுதினார். வழமையாகக் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். பிறகு அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைவண்டிச் சாரதியாக வேலை பார்த்தார் என்பதைச் சொல்வது குறைவு. குதிரைகளைக் கட்டுப்படுத்தி, பிரயாணிகளைச் சமாளித்து, நேரத்துக்கு ஓடுகிற வேலை அது, நுதற்சோணை முற்றாகக் கைவிட்டவரால் முடியாது. நிலாவெளி வீதியில் ஹெல்மெட் போடாமல் விழுந்து, 'காயம் ஒண்டும் இல்லை, தப்பிட்டான்' என்று வீட்டுக்கு வந்த பெடியன்களின் அம்மாமார் சிலர், 'பிள்ளை முந்தி இப்பிடி எரிஞ்சு விழாது' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நெற்றிக்குப் பின்னால் நசிந்தது வெளியில் தெரியாது. அதைத் திமிர் என்று அடித்துத் திருத்தப் பார்க்கிற தகப்பன்மாரையும் கண்டிருக்கிறேன், அதற்குப் பதிலாக ஒழுங்கான நேரசூசி, போதுமான நித்திரை, ஒரு நேரத்தில் ஒரு வேலை, இவை இவர்களுக்கு உதவலாம்.

வகுப்பில் வருடாவருடம் வருகிற கேள்வி: "மிஸ், நாங்க மூளையில பத்து வீதம்தான் பாவிக்கிறமாம், உண்மையோ?" பொய். உடல் எடையில் இரண்டு வீதம் இருக்கிற மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடம்பின் சக்தியில் இருபது வீதத்தைச் சாப்பிடுகிறது. சும்மா இருக்கிற தொண்ணூறு வீதத்துக்கு யார் சோறு போடுவார்கள்? இடது மூளைக்காரர் கணக்கு, வலது மூளைக்காரர் கலை என்பதும் இதே ரகம். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது உண்மை, தேவாரம் பாடுகிற ஐயாவையும் மாமாவையும் பார்த்தாலே தெரியும், ஆனால் ஆட்களை அப்படிப் பிரிக்க முடியாது.

இவற்றைக்கூட விட்டுவிடலாம். நடுமூளையை 'அக்டிவேட்' பண்ணித் தருகிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கும் என்று காசு வாங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நடுமூளை செய்கிற வேலை கண்ணை அசைப்பது, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்ப வைப்பது, நரம்புக்கலங்களுக்கு இடையில் செய்தி கடத்துகிற டோபமைன் என்ற பொருளைச் சுரக்கிற கலங்களை வைத்திருப்பது. அந்தக் கலங்கள் அழிந்தால்தான் பார்க்கின்சன் நோய் வருகிறது. பிள்ளை உயிரோடு விழித்துக்கொண்டிருக்கிறது என்றால் நடுமூளை ஏற்கெனவே வேலை செய்கிறது. கண்ணைக் கட்டிய பிள்ளை வாசிப்பது மூக்கோரத்து இடைவெளியால். சந்தேகம் என்றால் புத்தகத்தைப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள்.

கடைசியாகச் சொல்கிறேன் என்ற விஷயம், பாரிசவாதம் வந்தால் என்ன செய்வது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க மாட்டாமல் விழுவது, பேச்சு குழறுவது அல்லது அர்த்தமில்லாமல் வருவது, இதில் ஒன்று திடீரென்று கண்டாலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அடைப்பைக் கரைக்கிற மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும், அதற்கும் முதல் சிடி ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று பார்க்கவேண்டும், கசிவு இருக்கும்போது அந்த மருந்து ஆளைக் கொன்றுவிடலாம். அஸ்பிரினும் கசிவைக் கூட்டக்கூடும், ஆகவே வீட்டில் அதைக் கொடுக்க வேண்டாம். விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம், தண்ணீர் பருக்க வேண்டாம். குச்சவெளியில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ வருவதென்றால் பாதையிலேயே நேரம் போய்விடும், நூல் கட்ட ஒரு மணித்தியாலம் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது "கடைசியா எத்தனை மணிக்கு ஆள் நல்லா இருந்தவர்?" என்பதுதான். நித்திரையால் எழும்பும்போதே கை தூக்க முடியாமல் இருந்தது என்றால், எழும்பிய நேரத்தைச் சொல்லக்கூடாது, படுக்கப் போன நேரத்தைச் சொல்லவேண்டும். அந்தப் பதற்றத்தில் மணித்தியாலம் ஒருவர் வாயில் ஒன்றாக வரும், வீட்டை விட்டுப் புறப்பட முதல் போனில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் வழமையாகக் குடிக்கிற குளிசைகளின் பெயர்களையும் சேர்த்து.